ஸ்கேனர் இலக்கணம்: பாயிரம் முதல் புறனடை வரை

பாயிரம்

நூல் என்று ஒன்று செய்தால் அதற்குப் பாயிரம் வேண்டும். பெயர், எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் எல்லாம் அதில் சொல்லப்பட வேண்டும் என்பது பழைய சட்டம். சொல்லாவிட்டால் புலவர்கள் வைவார்கள், சொன்னால் மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். யாம் சிரிப்பையே தேர்ந்தோம்.

நூற்பெயர்: ஸ்கேனர் இலக்கணம். எல்லை: வடக்கே ஆந்திரத்தைத் தொடும் ஆரம்பாக்கம், கிழக்கே பழவேற்காட்டு ஏரி, மேற்கே திருத்தணி, தெற்கே பூந்தமல்லி. இரும்பு உருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும், டயர் செய்யும் தேர்வாய்கண்டிகையும், கார் செய்யும் திருவள்ளூரும் இதனுள் அடக்கம். நுதலிய பொருள்: டாஷ்போர்டில் மஞ்சளாக எரியும் செக் இன்ஜின் விளக்கும், அதை விசாரிக்க நாம் வாங்கும் கருவியும். கேட்போர்: நைட் ஷிப்ட் முடித்து வந்து, தூங்க வேண்டிய நேரத்தில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் வீட்டு மெக்கானிக்குகள். பயன்: வேண்டாத சென்சார் வாங்காதிருத்தல்.

நூல் எழுந்த காரணமும் சொல்லியாக வேண்டும். ஜி.என்.டி. ரோட்டோரம் பல ஷெட்டுகளில் இந்த உரையாடல் கேட்கக் கிடைக்கும்:

"அண்ணே, மஞ்ச லைட்டு எரியுது."

"சென்சார் போயிருக்கும் சார்."

"எந்த சென்சார்ணே?"

"மாத்திப் பாத்தாதான் தெரியும்."

நான்காவது அடி பல்லாயிரம் ரூபாய் பெறும். அதற்கு மறுமொழி சொல்லத் தெரிந்துகொள்வதே இந்நூலின் பயன்.

முதலாவது வண்டியியல்

விதி: கருவிக்கு முன் வண்டி.

உரை: தள்ளுபடி கண்ட இடத்தில் கருவியை முதலில் வாங்கி, அது தம் வண்டியோடு பேசுமா என்று பிறகு ஆராய்வோர் உளர். அவர்களுடைய பரணில் அது பத்திரமாக இருக்கிறது. முதலில் வண்டியை வகைப்படுத்துக. வண்டிகள் நான்கு வகைப்படும்: பேசா வண்டி, தன்மொழி வண்டி, பொதுமொழி வண்டி, நுண்மொழி வண்டி.

பேசா வண்டியாவது கார்புரேட்டர் வைத்தது. பழைய அம்பாசடரும் முதல் தலைமுறை மாருதி 800-உம் இவ்வகை. இன்ஜினை ஆள்வதற்குக் கம்ப்யூட்டர் இல்லாததால் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளும் இல்லை. இதற்கு ஸ்கேனர் வாங்குவது வீண். ஸ்பேனரே போதும்.

தன்மொழி வண்டியாவது கம்ப்யூட்டர் இருந்தும் தன் கம்பெனிக்கு மட்டுமே விளங்கும்படி பேசுவது. 2013க்கு முந்திய வண்டிகள் பல இப்படி. டாஷ்போர்டுக்குக் கீழே பதினாறு பின் சாக்கெட்டே இருக்கும், சொருகினால் ஒன்றும் வராது. சாக்கெட்டின் வடிவத்தைப் பார்த்துப் பொதுமொழி என்று மயங்குதல் இவ்வியலின் தலையாய வழு.

பொதுமொழி வண்டியாவது, எந்தக் கம்பெனி ஸ்கேனர் கேட்டாலும் இன்ஜின் புகை சார்ந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்திய வண்டி. கட்டாயம் பிறந்த இடம் அமெரிக்கா. கலிபோர்னியாவின் புகைமூட்டத்தோடு மல்லுக்கட்டிய அந்த மாநிலத்துக் காற்று வாரியம் தொடங்கி வைக்க, 1996ஆம் ஆண்டு மாடல் முதல் அந்நாட்டின் எல்லாக் கார்களுக்கும் ஓ.பி.டி. 2 என்னும் பொதுச் சோதனை மொழி வந்தது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் வந்தது. நம் நாட்டில் பி.எஸ். 4 புகை விதிகளோடு 2010 ஏப்ரலில் ஓ.பி.டி. 1, 2013 ஏப்ரலில் ஓ.பி.டி. 2. ஆகவே ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு மாதத்தைப் பார்க்கவும். 2013 ஏப்ரலுக்குப் பின் என்றால் பாதிக் கவலை விட்டது.

நுண்மொழி வண்டியாவது 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டி. பொதுமொழியும் பேசும், கூடவே டீசலில் கரித்துகள் வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடு கட்டுப்பாடு என்று தனிச் சொற்களும் வைத்திருக்கும். 2023 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் வந்தபோது, சாலையில் ஓடும்போதே தன் புகையைத் தானே கண்காணிக்க வேண்டும் என்ற கடமையும் சேர்ந்தது. இவ்வகை வண்டி எதையும் எளிதில் மன்னிக்காது. 

எடுத்துக்காட்டு வேண்டுமெனில் மாவட்டத்தைத் தாண்ட வேண்டியதில்லை. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998இல் மிட்சுபிஷி லான்சர் உருளத் தொடங்கியது. அது தன்மொழி வண்டி. மிட்சுபிஷியின் சொந்தச் சோதனைக் கருவிக்கே முழுக்கத் திறந்து பேசும். பிற்பாடு அதே வளாகம் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பியூஜோ குழுமமும் சி.கே. பிர்லா குழுமமும் 2017இல் கூட்டுச் சேர்ந்தன. 2021இல் சிட்ரோன் சி5 ஏர்கிராஸும் 2022இல் சி3-உம் விற்பனைக்கு வந்தன. இரண்டும் நுண்மொழி வண்டிகள். ஒரே ஊர், ஒரே மதில்சுவர். ஆனால் சி3-க்கு வாங்கிய எளிய ஸ்கேனரை பக்கத்து வீட்டு லான்சரில் சொருகினால் "இணைப்பு கிடைக்கவில்லை" என்றே வரும். பிராண்டும் ஊரும் பார்த்துப் பயனில்லை என்பதும், ஆண்டே பார்க்க வேண்டும் என்பதும் இதனால் பெறப்படும்.

இரண்டாவது துளையியல்

விதி: துளை பதினாறு, வேலை செய்பவை சில.

உரை: ஸ்டியரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்கால் பக்கம், எட்டெட்டாக இரண்டு வரிசையில் பதினாறு பின்கள் கொண்ட சாக்கெட் இருக்கும். 4-உம் 5-உம் எர்த். 16 பேட்டரியின் பாசிட்டிவ், சாவியை எடுத்தாலும் உயிரோடிருப்பது. 6-உம் 14-உம் இக்காலக் கார்கள் பேசும் கேன் கம்பிகள். 7 பழைய கார்கள் பேசிய கே-லைன். மீதியில் பலவற்றைக் கம்பெனிகள் தத்தம் விருப்பப்படி வைத்துக்கொண்டன. ஃபோர்டு, உதாரணமாக, 3-லும் 11-லும் இன்னொரு கேன் ஓட்டி, கதவு, ஏ.சி., மீட்டர் போன்ற சங்கதிகளை அங்கே பேசியது. மறைமலை நகரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு 2021இல் அறிவித்த பின், வண்டியைத் தாமே பார்த்துக்கொள்ளத் துணிந்த உரிமையாளர்கள் மனப்பாடம் செய்த எண்கள் இவை.

ஸ்கேனர் சொருகியும் விளக்கு எரியவில்லை என்றால் ஸ்கேனரைத் திட்டுமுன் ஃபியூஸ் பாருங்கள். பல கார்களில் சிகரெட் லைட்டருக்கும் இந்தச் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ். காற்றடிக்கும் பம்ப்பை லைட்டரில் மாட்டி ஃபியூஸை எரித்துவிட்டு, மறுநாள் ஸ்கேனர் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது தொன்றுதொட்ட வழக்கம்.

இங்கே கும்மிடிப்பூண்டிக்கென்றே ஓர் எச்சரிக்கை. சிப்காட்டுக்கும் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கும் ஓடும் லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட்டில் இயங்குபவை. அவை பேசும் மொழியும் வேறு. காருக்கென்று செய்த 12 வோல்ட் டாங்கிள் என்னும் சிறு ஸ்கேனரை, "சும்மா பாப்போமே" என்று மச்சானின் லாரியில் சொருகினால், டாங்கிள் தன் கடைசிப் புகையை விட்டு முக்தி அடையக்கூடும்.

மூன்றாவது கருவியியல்

கருவிகள் ஐந்து வகைப்படும். கீழிருந்து மேலாகச் சொல்வாம்.

முதல் வகை, நீலப்பூச்சி. முந்நூறு ரூபாய் முதல் எண்ணூறு வரை ஆன்லைனில் கிடைக்கும் நீலநிற புளூடூத் டாங்கிள். இதன் மூதாதை கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் செய்த ஈ.எல்.எம். 327 என்னும் சிப். முதல் பதிப்புக்குக் காப்புப் பூட்டு போடாமல் விட்டார்கள். சீனத்தில் நகல் எடுத்தார்கள், நகலுக்கு நகல் எடுத்தார்கள். அசல் கம்பெனி 2022இல் கடையைக் கட்டியது, நகல்கள் வாழ்கின்றன. ஓர் அடையாளம்: "பதிப்பு 1.5" என்று செயலியில் காட்டினால் அது நகலே. அசல் கம்பெனி 1.5 என்று ஒன்றை வெளியிடவே இல்லை. "2.1" என்று காட்டும் மலிவுச் சரக்கோ, பழைய பதிப்புக்கே தெரிய வேண்டிய கட்டளைகள் சிலவற்றுக்கு விழிக்கும். ஆயினும் முற்றும் இகழற்க. பொதுமொழி வண்டியில் பழுதுக் கோடு வாசிக்க இது பெரும்பாலும் போதும். நேரடி எண்களை வேகமாகக் காட்டச் சொன்னால்தான் திணறும்.

இரண்டாம் வகை, நன்னீலம். ஏறத்தாழ இரண்டாயிரம் முதல் நாலாயிரம் வரை விலையுள்ள, பெயரோடு வரும் டாங்கிள். வேகமும் நிலைத்த இணைப்பும் உண்டு. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்க்குப் பழைய புளூடூத் போதும். ஐபோன் வைத்திருப்பவர் குறைந்த ஆற்றல் புளூடூத் உள்ளதையோ வைஃபை உள்ளதையோ கேட்டு வாங்குக. சாதாரண நீலப்பூச்சி ஐபோனைக் கண்டால் வாய் திறக்காது. செயலிகளில் டார்க், கார் ஸ்கேனர் இரண்டும் நம் ஊர்க் கைகளில் அதிகம் புழங்குபவை.

மூன்றாம் வகை, கைப்பெட்டி. போன் வேண்டாம், செயலி வேண்டாம். ஒயரோடு வரும் சிறு பெட்டியைச் சொருகினால் தானே உயிர்த்துக் கோடு காட்டும். விலை ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு முதல் ஐயாயிரம் வரை. பெரியப்பா கையில் கொடுத்தாலும் ஓடும் என்பது இதன் பெருமை. திரை சிறியது, வரைபடம் சுமார் என்பது இதன் குறை.

நான்காம் வகை, கம்பெனிமொழி மென்பொருள். ஒரு குடும்ப வண்டிக்கு மட்டும் ஆழமாகப் பேசுவது. ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன், ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவுக்கு வி.சி.டி.எஸ்., ஓ.பி.டி. லெவன். லேப்டாப்போ போனோ நம்முடையது, தக்க கேபிளோ டாங்கிளோ மட்டும் வாங்க வேண்டும். ஏ.பி.எஸ்., ஏர்பேக் என்று உள்ளறைகள் வரை போகும். தன் வண்டியைப் பத்தாண்டு வைத்திருக்கப் போகிறவருக்குக் கொடுத்த காசுக்கு அதிகம் தருவது இவ்வகையே. வண்டியை மாற்றினால் கருவியின் பயனும் போய்விடும்.

ஐந்தாம் வகை, ஷெட் டேப்லெட். ஷென்சென் நகரத்து லாஞ்ச், ஆட்டெல் போன்ற கம்பெனிகளின் பெரிய திரைக் கருவிகள். பல கம்பெனி மொழிகள் தெரியும், கேட்பதோடு நில்லாமல் கட்டளையும் இடும்: ஃபேனை ஓடவிடு, இன்ஜெக்டரை நிறுத்து, வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய் என்று. விலை பதினைந்தாயிரத்தில் தொடங்கி லட்சங்களைத் தாண்டும். பலவற்றுக்கு ஆண்டுதோறும் அப்டேட் கட்டணமும் உண்டு. ஒரே ஒரு கார் வைத்திருப்பவர் இதை வாங்கினால், தெருவில் உள்ள எல்லாக் கார்களுக்கும் இலவச வைத்தியராகி ஞாயிற்றுக்கிழமையை இழப்பார்.

இவ்வைந்தையும் இரண்டு திணையில் அடக்கலாம் என்பர்: கேட்பன, ஏவுவன. முதல் மூன்றும் பெரும்பாலும் கேட்பன. நான்காவதும் ஐந்தாவதும் ஏவுவன. வீட்டு வேலையில் பெரும்பகுதி கேட்பதிலேயே முடிந்துவிடும் என்பது எம் துணிபு.

ஓர் ஐயம் எழும். மூவாயிரம் கொடுத்து வாங்கிய டாங்கிள் ஏர்பேக் விளக்கைப் பற்றி ஏன் மௌனம் சாதிக்கிறது? கம்பெனிகளைப் பொதுமொழி பேச வைத்தது புகைச் சட்டம். அச்சட்டத்துக்குக் காற்றின் மேல்தான் அக்கறை. ஆகவே புகையோடு தொடர்புடையதை மட்டும் யாவர்க்கும் சொல்லிவிட்டு, ஏர்பேக்கையும் பிரேக்கையும் கம்பெனிகள் தம் மொழியிலேயே பூட்டி வைத்தன. மலிவான கருவியின் எல்லையை வகுத்தவர் கடைக்காரர் அல்லர், கலிபோர்னியாக்காரர் என்க.

நான்காவது குறியியல்

விதி: கோடு வீட்டைக் காட்டாது, தெருவைக் காட்டும்.

உரை: கோடு என்பது ஓர் எழுத்தும் நாலு இலக்கமும். பி என்றால் இன்ஜின், கியர். சி என்றால் பிரேக், சஸ்பென்ஷன். பி-யோடு மயங்கும் இன்னொரு பி கதவு, ஏர்பேக் போன்ற உடற்பகுதி. தமிழில் இரண்டும் ஒன்றுபோல் எழுதப்படுவதால் பின்னதைப் பாடி என்று சொல்லிப் பிரிக்க. யு என்றால் உள் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசாமை. இரண்டாம் இடத்தில் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொது, 1 என்றால் கம்பெனிக்கே உரியது.

இனி ஒரு கோட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். பி 0301: முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். கோடு மட்டும் பார்ப்பவர் உடனே இக்னிஷன் காயில் ஒன்று வாங்குவார். குறியியல் கற்றவர் ஒன்றும் வாங்க மாட்டார். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டுவார், இரண்டாவதை முதலில் மாட்டுவார். கோட்டை அழித்து, ஒரு சுற்று ஓட்டி, மீண்டும் வாசிப்பார். பி 0302 என்று வந்தால் நோய் காயிலோடு இடம் பெயர்ந்தது, காயில்தான் குற்றவாளி. மறுபடி 0301 என்றே வந்தால் காயில் நிரபராதி. அடுத்து ஸ்பார்க் பிளக்கை அதேபோல் இடம் மாற்றுவார். அதுவும் நகரவில்லையென்றால் இன்ஜெக்டர், ஒயர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் போவார். செலவு இதுவரை சில சாக்கெட்டுகளும் பொறுமையும்.

மற்றொன்று, பி 0171: கலவை மெலிவு, அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்று இன்ஜின் கணக்கு வைத்திருக்கிறது. கணக்குத் தவறினால் எவ்வளவு கூட்டினோம், குறைத்தோம் என்பதை ஃபியூயல் டிரிம் என்னும் எண் சொல்லும். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். ஐடிலிங்கில் டிரிம் கூட்டல் 20-க்கு மேல், 2500 ஆர்.பி.எம்.மில் கூட்டல் 5-க்குக் கீழ் என்றால், சென்சாருக்கு அப்பால் எங்கோ காற்று கசிந்து நுழைகிறது. ஐடிலிங்கில் இன்ஜின் குடிக்கும் காற்று குறைவு, கசிவின் பங்கு பெரிது. வேகம் கூடினால் கசிவின் பங்கு கரைந்துவிடும். மாறாக, வேகத்திலும் டிரிம் உயர்ந்தே நின்றால் பெட்ரோல் பம்ப்பையோ ஃபில்டரையோ தூசி படிந்த மாஃப் சென்சாரையோ சந்தேகிக்க. நம் சிறு கார்கள் பலவற்றில் இருப்பது மாப் என்னும் அழுத்த சென்சார். அவற்றில் இதே கசிவு பெரும்பாலும் ஐடிலிங் ஏறி நிற்பதாகத் தெரியும், டிரிம் அவ்வளவாக அலறாது. கோடு ஒன்றானாலும் வண்டிக்கு வண்டி பொருள் வேறுபடும் என்பதற்கு இது சான்று.

பி 0135 ஆக்சிஜன் சென்சார் ஹீட்டரின் சர்க்யூட். சர்க்யூட் என்றால் சென்சார் மட்டும் அன்று. ஃபியூஸ், ஒயர், கனெக்டர் எல்லாம் அதில் உண்டு. நம் எல்லைக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மூன்று பகைவர் உளர். கடலோரத்து உப்புக்காற்று: எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் நிற்கும் வண்டிகளின் கனெக்டரைக் கழற்றினால் செப்பு பச்சையாகக் களிம்பேறியிருக்கும். சிப்காட் தூசி: ஏர் ஃபில்டரைக் கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே அடைத்துவிடும். மூன்றாவது எலி: பொன்னேரி வயல்வெளியில் அறுவடை முடிந்ததும் அது பானட்டுக்குள் குடியேறி ஒயரைக் கடிக்கும். உலகின் எந்த ஸ்கேனரும் "எலி" என்று கோடு காட்டுவதில்லை. கண்தான் காட்டும்.

ஐந்தாவது மாந்தரியல்

கருவி ஒன்றேயாயினும் கொள்வோர் நால்வகையர்.

அழிப்போர்: கோடு கண்டதும் எரேஸ் பொத்தானை அமுக்குவோர். விளக்கு அணைந்த மகிழ்ச்சி இவர்களுக்குச் செங்குன்றம் தாண்டும்வரை இருக்கும். அழித்தால் கோடு மட்டும் போகாது. கோடு விழுந்த கணத்தில் இன்ஜின் என்ன வேகத்தில் ஓடியது, எவ்வளவு சூடாக இருந்தது என்று வண்டி எழுதி வைத்த ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். சாட்சியை அனுப்பிவிட்டு வழக்கு நடத்துவது எங்ஙனம்?

மாற்றுவோர்: கோட்டின் பெயரில் எந்தப் பாகம் இருக்கிறதோ அதை வாங்கி மாட்டுவோர். பழைய பாகமும் நல்லதாகவே இருக்கும். புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் இவர்களுக்கு நல்ல மரியாதை.

பார்ப்போர்: கோடு, ஃப்ரீஸ் ஃப்ரேம், நேரடி எண்கள் மூன்றையும் குறித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிப்போர். இந்நூல் இவர்களை உண்டாக்கவே எழுந்தது.

வாங்குவோர்: பழைய கார் வாங்கப் போகும்போது டாங்கிளைச் சட்டைப்பையில் போட்டுச் செல்வோர். இவர்கள் நான்கு வகையிலும் மதிநுட்பம் மிக்கவர். விற்பவர் காலையில்தான் கோடுகளை அழித்திருந்தால் வண்டி அதை மறைக்காது. கோடு அழித்த பின் ஓடிய தூரம் என்று ஓர் எண் பெரும்பாலான பொதுமொழி வண்டிகளில் உண்டு. "மூணு வருஷமா ஒரு பிரச்சினையும் இல்லீங்க" என்று அண்ணாச்சி சொல்லும்போது அந்த எண் 8 கிலோமீட்டர் என்று காட்டினால், பேரம் வேறு திசையில் போகும். வண்டியின் தற்சோதனைகளான மானிட்டர்கள் தயார் நிலையில் இல்லை என்று காட்டினாலும் அதே சந்தேகம்.

ஆறாவது தேர்வியல்

பேசா வண்டி, தன்மொழி வண்டி வைத்திருப்போர் பொது டாங்கிள் வாங்கற்க. தன்மொழிக்கு அந்தக் கம்பெனியின் மொழி தெரிந்த கருவி உள்ள ஷெட்டைத் தேடிப் பிடித்து, சில நூறு ரூபாய் ஸ்கேனிங் சார்ஜ் கொடுத்து, கோடுகளைத் தாளில் எழுதி வாங்கி வருக. திரையைக் காட்டாமல் "பாத்தாச்சு சார்" என்று சொல்பவரிடம் மறுமுறை போகற்க.

பொதுமொழிப் பெட்ரோல் கார் வைத்திருப்போர் நன்னீலமோ கைப்பெட்டியோ வாங்குக. பெட்டியின் மேல் எழுதிய "10000 கார்களுக்குப் பொருந்தும்" என்பதைப் பார்க்காமல் மூன்று கேள்வி கேட்க: நேரடி எண்கள் காட்டுமா? ஃப்ரீஸ் ஃப்ரேம் காட்டுமா? இன்னும் விளக்கை எரிய விடாத நிலுவைக் கோடுகளைக் காட்டுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் போதும். இந்தப் பட்ஜெட்டிலேயே ரிச்சி தெருவில் ஒரு மல்டிமீட்டரும் வாங்குக. இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஏறத்தாழ 13.5-இலிருந்து 14.5 வோல்ட்டுக்குள் இல்லையென்றால், பிற கோடுகளை நம்புமுன் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். வோல்ட்டேஜ் சரிந்தால் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று குற்றம் சொல்லத் தொடங்கிவிடும்.

பி.எஸ். 6 டீசல் வைத்திருப்போர் தம் வண்டியின் வடிகட்டி நிரம்பிய அளவைக் காட்டும் கருவியையே கொள்க. பல வண்டிகள் இதைக் கம்பெனிமொழியில்தான் சொல்லும். திருவள்ளூர் தேரடித் தெருவிலேயே ஓடும் டீசலுக்கு வடிகட்டி அடைபடும். அடைசல் தொடக்கத்தில் இருந்தால், கைப்புத்தகம் தடுக்காதவரை, தேசிய நெடுஞ்சாலை 16-இல் சூளூர்பேட்டைப் பக்கம் ஒரே சீரான வேகத்தில் இருபது முப்பது நிமிடம் ஓட்டினால் அது பெரும்பாலும் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். கருவி கொண்டு கட்டாயமாக எரிக்கும் வேலை புகைக்குழாயைக் கடுமையாகச் சூடேற்றும். காய்ந்த புல்மேல் நிறுத்திச் செய்வதற்குரிய காரியம் அன்று. அதை ஷெட்டுக்கு விடுக.

புறனடை

மேற்சொன்ன விதிகளில் அடங்காதவை சில உள. பி.எஸ். 6 பைக்குகளில் பெரும்பாலும் ஆறு பின் சாக்கெட். கார் டாங்கிளுக்கு இணைப்புக் கேபிள் வேண்டும், எல்லாப் பைக்கும் பேசும் என்ற உறுதியும் இல்லை. மின்சாரக் கார்களுக்குப் புகைச் சட்டமே பொருந்தாது, அவற்றின் பேட்டரிக் கணக்கு கம்பெனிமொழியில் உள்ளது. 16ஆம் பின் எப்போதும் உயிரோடிருப்பதால் டாங்கிளைச் சொருகியே விட்டு ஊருக்குப் போனால் பேட்டரி இறங்கியிருக்கும்.

எல்லா விளக்கும் ஸ்கேனருக்கு உரியவை அல்ல. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் போனை எடுக்காமல் இன்ஜினை நிறுத்துக. மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் கடுமையான மிஸ்ஸிங் என்று பொருள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை உருக்கும், மெதுவாக ஓரங்கட்டுக. நோய் தீரத் திருவள்ளூர் வைத்திய வீரராகவரிடம் போகிற ஊர்க்காரர்தாம் நாம். ஆனால் இந்த இரண்டுக்கும் வேண்டுதல் பலிப்பதில்லை.

முடிபு: நம் மாவட்டத்து வீட்டு மெக்கானிக்குகளில் பெரும்பாலோருக்கு, ஆண்டு பார்த்து வாங்கிய ஒரு நடுத்தர டாங்கிளும் ஒரு மல்டிமீட்டரும் சேர்ந்து ஐயாயிரத்துக்குள் அடங்கும். அதற்கு மேல் செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும், எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டி என்று காரணம் சொல்ல முடிய வேண்டும். வாசகரிடம் ஒரே வேண்டுகோள்: அடுத்த முறை மஞ்சள் விளக்கு எரிந்தால், கோட்டையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பிறகு அழியுங்கள். ஷெட்டுக்குப் போக வேண்டி வந்தாலும் அந்த நோட்டோடு போங்கள். "எந்த சென்சார்ணே?" என்ற கேள்விக்கு அங்கே வேறு பதில் வரும்.